அண்ணன் மைக்கேல், தம்பி பிரையன்: ஐரோப்பியக் கோப்பையை வென்ற லாட்ரப் ஏன் இரண்டாவது பெயராகவே நின்றார்?

இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஜூட் பெல்லிங்ஹாமின் தம்பி ஜோப், 2025 கோடையில் சண்டர்லாண்டிலிருந்து ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கிளப்புக்குப் போனார். அண்ணன் பெயர் வாங்கிய அதே கிளப். சண்டர்லாண்டில் ஆடும்போது சட்டையின் முதுகில் குடும்பப் பெயரைப் போடாமல் 'ஜோப்' என்று மட்டும் போட்டுக்கொண்டவர் அவர். அண்ணன் பெரிய ஆளாக இருப்பது தம்பிக்கு உதவியா, சுமையா என்ற கேள்வி அப்போதிலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்வி வந்தாலே கூடவே ஒரு பழைய பெயரும் வரும்: லாட்ரப். அங்கேதான் பலருக்கும் குழப்பம். லாட்ரப் என்று ஒருவரா, இருவரா? 1992இல் டென்மார்க் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது ஆடியது எந்த லாட்ரப்? பார்சிலோனாவில் ஆடிய அந்த மேதைதானே?

அவர் இல்லை, அவருடைய தம்பி. டென்மார்க் கால்பந்தின் மிகப் பெரிய வெற்றியில் அண்ணன் மைக்கேல் களத்திலேயே இல்லை, தம்பி பிரையன் இருந்தார். ஆனாலும் 'டென்மார்க்கின் சிறந்த ஆட்டக்காரர்' என்றால் வருவது அண்ணன் பெயர்தான். இது எப்படி நடந்தது என்று அடியிலிருந்து பார்ப்போம். திறமை குறைவு என்பது இதற்குப் பதில் இல்லை. அண்ணன் முன்பே வைத்துவிட்டுப் போன அளவுகோல், காயம் வந்த நேரம், அந்தக் காலத்து விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிரையனின் கணக்கை எழுதின.

வீடு

தந்தை ஃபின் லாட்ரப் டென்மார்க் தேசிய அணிக்கு ஆடியவர். தாயின் சகோதரர் எப்பே ஸ்கோவ்டால் பின்னாளில் பெயர் பெற்ற பயிற்சியாளர். மைக்கேல் பிறந்தது 1964 ஜூன் 15. பிரையன் பிறந்தது 1969 பிப்ரவரி 22, அதுவும் வியன்னாவில், ஏனென்றால் அப்போது தந்தை ஆஸ்திரியாவில் ஆடிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே ஐந்து வயதுக்குச் சற்றே குறைவான இடைவெளி. இருவரும் கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள ப்ரோன்ட்பி கிளப்பில் வளர்ந்தவர்கள். 'மூத்தது மோழை, இளையது காளை' என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த வீட்டில் இரண்டுமே காளை, சிக்கலே அதுதான்.

நிழல் எப்படி விழுகிறது?

'அண்ணனின் நிழலில் இருந்தார்' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மையில் அது என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

1. நேரம். மைக்கேல் தன் 18வது பிறந்தநாளன்றே, 1982 ஜூன் 15 அன்று, தேசிய அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். 1983இல் இத்தாலியின் யுவெண்டஸ் அவரை வாங்கியது. 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை டென்மார்க் 6–1 என்று அடித்த ஆட்டத்தில் டிஃபெண்டர்களைச் சுற்றிக்கொண்டு போய் அவர் போட்ட கோலை உலகமே பார்த்தது. அந்த வருடம்தான் தம்பி ப்ரோன்ட்பியின் மூத்தோர் அணிக்குள் வருகிறார். அவர் முதல் பாஸ் கொடுப்பதற்கு முன்பே 'லாட்ரப்' என்ற பெயருக்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது, அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

2. ஆடும் இடம். அண்ணன் கோல்கீப்பராகவும் தம்பி ஃபார்வர்டாகவும் இருந்தால் யாரும் ஒப்பிட மாட்டார்கள். இங்கே இருவரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள், இருவரும் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போகிறவர்கள். ஆனால் ஆட்டம் ஒன்றில்லை. மைக்கேல் ஓர் இடத்தில் நின்று மற்றவர் பார்க்காத பாஸைப் பார்ப்பவர், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் பந்தைக் கொடுப்பவர். பிரையன் ஓடுபவர். பந்தோடு நாற்பது, ஐம்பது மீட்டர் வேகமாகப் போய் எதிரணியின் ஓரத்தைக் கிழிப்பவர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காயத்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

3. மேடை. மைக்கேல் 1989இல் பார்சிலோனாவுக்குப் போய் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃபின் அணியில் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஸ்பானிய லீக் பட்டங்கள் வென்றார். அப்புறம் ரியல் மாட்ரிட்டுக்குப் போய் 1995இல் ஐந்தாவது. பிரையனின் உச்ச காலமோ, பின்னால் சொல்லப்போவது போல, உலகம் அதிகம் பார்க்காத ஒரு லீக்கில் கழிந்தது.

இதில் முதல் இரண்டும் பிறப்பால் வந்தவை. மூன்றாவது அப்படியில்லை, அதற்குப் பின்னால் ஒரு முழங்காலும் ஒரு விதியும் இருக்கின்றன.

முதல் காயம்: 1991, முழங்கால்

பிரையன் 1989இல் ஜெர்மனியின் பேயர் உர்டிங்கனுக்குப் போனார். ஒரே சீசன்தான். 1990இல் பேயர்ன் மியூனிக் அவரை 60 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. அன்றைய தேதியில் ஜெர்மன் லீக்கில் அதுதான் மிகப் பெரிய தொகை. வயது 21. அதாவது அப்போது சந்தை அவரை 'மைக்கேலின் தம்பி' என்று பார்க்கவில்லை, தனி ஆளாகத்தான் விலை போட்டது. முதல் சீசன் நன்றாகப் போனது, பேயர்ன் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அரையிறுதி வரை போய் ரெட் ஸ்டார் பெல்கிரேடிடம் தோற்றது.

அடுத்த சீசனின் தொடக்கத்தில் முழங்காலில் சிலுவைத் தசைநார் கிழிந்தது.

தசைநார் என்பது எலும்பையும் எலும்பையும் இணைப்பது. முழங்காலுக்கு உள்ளே இரண்டு தசைநார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகின்றன, சிலுவை என்ற பெயர் அதனால்தான் வந்தது. முன்னால் இருப்பதை ஏசிஎல் என்று விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தொடை எலும்பிலிருந்து முன்னால் நழுவிவிடாமலும் முழங்கால் தப்பான பக்கம் திருகிவிடாமலும் பிடித்துக்கொள்வது ஏசிஎல்லின் வேலை. நேராக ஓடும்போது அதற்கு அவ்வளவு பாரம் இல்லை. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று, காலை ஊன்றி, உடம்பைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில்தான் எல்லாப் பாரமும் அதன்மேல் விழுகிறது. பிரையனைப் போலப் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எதிராளிகளை ஏமாற்றி ஓடும் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் பல முறை செய்வது அதைத்தான்.

முழுதாகக் கிழிந்த ஏசிஎல் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்ளாது. உடம்பின் வேறு இடத்திலிருந்து, பொதுவாக முழங்கால் சில்லுக்குக் கீழேயிருந்தோ தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, ஒரு பட்டையை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். அந்தப் பட்டை உறுதியாகப் பல மாதம் ஆகும். இன்று ஆட்டக்காரர்கள் திரும்பி வர ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன் அவசரப்பட்டு வந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதல். 1991இல் இந்த எச்சரிக்கையெல்லாம் இவ்வளவு உறுதியாக வகுக்கப்படவில்லை. பிரையன் சீசனின் பெரும் பகுதியை இழந்தார். அந்த வருடம் பேயர்ன் லீக்கில் பத்தாவது இடத்தில் முடிந்தது, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான சீசன்களில் ஒன்று.

1992 கோடை: உண்மையில் யார் ஆடினார்கள்?

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருவோம். 1990 நவம்பரில் யூகோஸ்லாவியாவிடம் 0–2 என்று தோற்றபின், பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சனின் தற்காப்பு ஆட்டம் பிடிக்காமல் அண்ணன், தம்பி இருவருமே தேசிய அணியை விட்டு விலகினார்கள். டென்மார்க் தன் தகுதிச்சுற்றுப் பிரிவில் யூகோஸ்லாவியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து வாய்ப்பை இழந்தது. அப்புறம் போர். 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் யூகோஸ்லாவியா மீது தடை போட்டது, அந்த அணி விலக்கப்பட்டது, போட்டி தொடங்கப் பத்து நாள்கூட முழுதாக இல்லாத நேரத்தில் டென்மார்க் உறுதியாக உள்ளே வந்தது. கடற்கரையில் படுத்துக்கொண்டிருந்தவர்களை அழைத்து வந்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஒரு நட்புறவு ஆட்டத்துக்காக அணி ஏற்கனவே கூடவிருந்தது.

பிரையன் அதற்குள் பயிற்சியாளரோடு சமாதானமாகி அணிக்குத் திரும்பியிருந்தார். மைக்கேல் திரும்பவில்லை, அவர் மறுபடி டென்மார்க் சட்டையைப் போட்டது 1993இல்தான்.

சுவீடனில் நடந்தது இது: இங்கிலாந்தோடு 0–0, சுவீடனிடம் 0–1 தோல்வி, பிரான்ஸை 2–1 என்று வென்று அரையிறுதி. அங்கே நடப்புச் சாம்பியன் நெதர்லாந்தோடு 2–2, பிறகு பெனால்டியில் வெற்றி. 1992 ஜூன் 26 அன்று கோதன்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2–0 என்று வீழ்த்திக் கோப்பை.

இந்த ஐந்து ஆட்டங்களில் பிரையன் எத்தனை கோல் போட்டார் தெரியுமா? ஒன்றுகூட இல்லை. ஹென்ரிக் லார்சன் மூன்று, எல்ஸ்ட்ரப் ஒன்று, இறுதி ஆட்டத்தில் ஜான் யென்சன் ஒன்று, கிம் வில்ஃபோர்ட் ஒன்று. நினைவில் நிற்பவை நெதர்லாந்தின் வான் பாஸ்டனின் பெனால்டியை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மெய்கல் தடுத்ததும் யென்சனின் அந்த அடியும்தான். ஆனால் அந்த அணி எப்படி ஆடியது என்று பார்த்தால் பிரையனின் பங்கு வேறு மாதிரித் தெரியும். பின்னால் இறங்கித் தடுப்பது, நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்கீப்பரிடமே திருப்பிக் கொடுப்பது, அவர் அதைக் கையால் எடுத்துக்கொள்வது. அன்று அது விதிக்கு உட்பட்டதுதான், அந்தப் போட்டி முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்த விதி மாறியது. இப்படி ஆடும் அணிக்கு, பிடித்த பந்தை எதிரணிப் பாதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து மற்றவர்கள் ஏறி வரும் வரை வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஓர் ஆள் பிரையன், அதுவும் அதே சீசனில் முழங்கால் கிழிந்து திரும்பியவர். அரையிறுதியில் லார்சனின் முதல் கோலுக்கு வலப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தவரும் அவரே. போட்டியின் சிறந்த அணியில் அவர் பெயர் இருந்தது, அந்த வருடம் ஃபிஃபாவின் உலகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் ஐந்தாவது இடம்.

இதே கோடையில், மே 20 அன்று, மைக்கேல் பார்சிலோனாவோடு வெம்ப்ளியில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்றிருந்தார். ஐந்து வார இடைவெளியில் ஒரே வீட்டுக்கு இரண்டு ஐரோப்பியப் பட்டங்கள்.

ஏதென்ஸ் 1994: ஒரு விதி, இரண்டு சகோதரர்கள்

பிரையனின் கதையில் என்னை அதிகம் வருத்துவது காயம்கூட இல்லை, இந்தப் பகுதிதான்.

1992இல் அவர் இத்தாலியின் ஃபியோரெண்டினாவுக்குப் போனார். பாடிஸ்டூட்டா, எஃபென்பெர்க் எல்லாம் இருந்தும் அந்த அணி 1993இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த சீசனுக்கு ஏசி மிலான் அவரை லோனில் எடுத்தது. ஐரோப்பாவிலேயே பலமான அணி. ஆனால் அங்கே விதி குறுக்கே நின்றது:

1. இத்தாலிய லீக்கில் ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவரை மட்டுமே இறக்கலாம். ஐரோப்பியப் போட்டிகளிலும் மூன்றுதான். அந்த நாட்டிலேயே ஐந்து வருடம் ஆடி, அதில் மூன்று வருடம் இளையோர் அணியில் இருந்தவர்களாக இன்னும் இருவரைச் சேர்க்கலாம், ஆனால் அது பிரையனுக்குப் பொருந்தாது.

2. மிலானிடம் அப்போது பாப்பான், போபன், சாவிசெவிச், ராடுசியோயு, அப்புறம் நவம்பரில் வந்த டெசாய் என்று வெளிநாட்டவர் வரிசையே இருந்தது. பிரையனுக்குக் கிடைத்தது லீக்கில் 9 ஆட்டம்.

3. 1994 மே 18, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், மிலானும் பார்சிலோனாவும். மிலானின் மூன்று இடங்கள் டெசாய், போபன், சாவிசெவிச்சுக்குப் போயின. பார்சிலோனாவின் மூன்று இடங்கள் கூமன், ஸ்டோய்ச்கோவ், ரொமாரியோவுக்குப் போயின.

ஆக, ஒரு பக்கம் தம்பி, எதிர்ப் பக்கம் அண்ணன், ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆட்டம், இருவருமே களத்தில் இல்லை. மிலான் 4–0 என்று வென்றது. பிரையனின் கணக்கில் ஐரோப்பியப் பட்டம் ஒன்று ஏறியது, ஆனால் அந்த இரவில் அவர் ஒரு நிமிடமும் ஆடவில்லை.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களை இப்படி எண்ணிக்கை வைத்துத் தடுக்கக் கூடாது என்றது அது. டென்மார்க் ஒன்றியத்தின் உறுப்பினர். இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால் மிலானில் பிரையன் வெளிநாட்டவர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார். ஓரத்தில் ஓடி ஆடும் 25 வயது ஆட்டக்காரருக்கு இழந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள், அதுவும் முழங்காலுக்கு ஒரு வருடத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டவருக்கு.

கிளாஸ்கோ: கொண்டாடப்பட்ட, ஆனால் ஒதுங்கிய நான்கு வருடங்கள்

1994இல் அவர் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஏன் அங்கே என்று பலர் கேட்பார்கள். ஆட வேண்டும், தன்னை நடுவில் வைத்து அணி அமைய வேண்டும் என்பதற்காக என்றுதான் எனக்குப் புரிகிறது, அது கிடைக்கவும் செய்தது. 1995, 1996, 1997 என்று மூன்று லீக் பட்டங்கள். 1996 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ஹார்ட்ஸை 5–1 என்று வென்றபோது இரண்டு கோல் பிரையனுடையது, மூன்று கோல் போட்ட கார்டன் டூரிக்குப் பந்தைக் கொடுத்ததும் அவரே. 1997 மே மாதம் டண்டி யுனைடெட்டுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், அந்த ஒரு கோலில்தான் ரேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பதாவது லீக் பட்டத்தை வென்று செல்டிக்கின் பழைய சாதனையை எட்டியது. ஸ்காட்லாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் 1995இலும் 1997இலும் அவரைத்தான் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிளாஸ்கோவில் இன்றும் 'லாட்ரப்' என்றால் அது பிரையன்தான். ஆனால் உலகம் அந்த நேரம் இத்தாலியையும் ஸ்பெயினையும் பார்த்துக்கொண்டிருந்தது. 25 முதல் 29 வயது வரை, ஓர் ஆட்டக்காரரின் பழுத்த காலம், அவருக்கு அங்கே கழிந்தது.

இரண்டாவது காயம்: குதிகால்

1998இல் செல்சி, சில மாதத்திலேயே எஃப்சி கோபன்ஹேகன், 1999இல் அயாக்ஸ். அயாக்ஸில் அண்ணன் விட்டுப்போன இடத்துக்கே தம்பி போனார் என்றும் சொல்லலாம், ஏனென்றால் மைக்கேலின் கடைசிக் கிளப்பும் அதுதான். 2000இல், 31 வயதில், அகிலஸ் காயத்தால் பிரையன் ஆட்டத்தை நிறுத்தினார்.

அகிலஸ் என்பது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். தசைநார் எலும்பையும் எலும்பையும் இணைப்பது என்று பார்த்தோம், தசைநாண் தசையையும் எலும்பையும் இணைப்பது. உடம்பிலேயே தடித்ததும் வலுவானதும் இதுதான், ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் குதிகாலுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அங்கே சிறுசிறு சேதம் வந்தால் மெதுவாகத்தான் ஆறும். ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்தால் சேதம் மேலே சேதம் சேரும். ஓய்வெடுத்தால் வலி குறையும், முழு வேகத்தில் ஓடினால் திரும்ப வரும்.

அந்த ஆட்ட வித்தியாசத்தை மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வேகம் எடுக்கும் ஒவ்வொரு முதல் அடியையும் தள்ளிக் கொடுப்பது கெண்டைக்காலும் அகிலஸும்தான். நின்று பாஸ் கொடுக்கும் ஆட்டக்காரருக்கு வேகம் கொஞ்சம் குறைந்தாலும் கண் இருக்கும், மூளை இருக்கும், இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம். மைக்கேல் 34 வயதில் உலகக் கோப்பை ஆடினார். முதல் பத்து மீட்டரை வைத்துப் பிழைக்கும் ஆட்டக்காரரிடமிருந்து அந்தப் பத்து மீட்டரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு ஆள். தம்பிக்கு முப்பதுக்குப் பிந்தைய இரண்டாம் கட்டம் கிடைக்காமல் போனது இதனால்தான்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

தேசிய அணியில் மைக்கேல் 104 ஆட்டம், 37 கோல். பிரையன் 82 ஆட்டம், 21 கோல். லீக் பட்டங்களின் எடையைப் பார்த்தால் அண்ணன்தான் மேலே, அதில் எனக்கு மறுப்பில்லை. 2006இல் டென்மார்க் கால்பந்துச் சங்கம் நாட்டின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரர் என்று மைக்கேலைத்தான் அறிவித்தது.

ஆனால் இன்னொரு பட்டியலும் உண்டு. டென்மார்க்கின் வருடாந்திரச் சிறந்த ஆட்டக்காரர் விருது மைக்கேலுக்கு இரண்டு முறை, 1982, 1985. பிரையனுக்கு நான்கு முறை: 1989, 1992, 1995, 1997. அந்தந்த வருடத்தில், அருகிலிருந்து பார்த்தவர்கள் தம்பியைத்தான் அதிக முறை தேர்ந்தெடுத்தார்கள். காலம் தள்ளிப்போனபின், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அண்ணன் தெரிந்தார். 2004இல் பெலே தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலிலும், 1998 உலகக் கோப்பையின் சிறந்த அணியிலும் இருவர் பெயரும் இருக்கின்றன.

அந்த 1998 உலகக் கோப்பையில்தான் இருவரும் கடைசியாக ஒன்றாக ஆடினார்கள். ஜூலை 3, நான்ட் நகரம், காலிறுதி, எதிரே பிரேசில். 2–1 என்று பின்தங்கியிருந்தபோது இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பிரையன் பந்தை வலைக்குள் அடித்துச் சமன் செய்தார், பிறகு புல்லில் சரிந்து, ஒரு கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்து படுத்துக்கொண்டார், வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரைப் போல. பத்து நிமிடத்தில் ரிவால்டோ மறுபடி கோல் போட்டு பிரேசில் 3–2 என்று வென்றது. மைக்கேல் அந்த ஆட்டத்தோடு கால்பந்தையே விட்டார். தம்பியும் டென்மார்க் சட்டையை அதோடு கழற்றினார். அப்போது பிரையனுக்கு வயது 29.